மடுல்சீமைக்கு ஒரு பனியாறு

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் பதுளை பஸ் நிலையத்தில் நான் இறங்கியபோது என்னிடம் இருந்த மூட்டை ஒன்றே ஒன்றுதான்: ஒரு பனிக்கட்டி. மீன் ஏற்றுகிற வெள்ளை நுரைப்பெட்டிக்குள் மரத்தூள் பரப்பி, சாக்கால் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தேன். தூக்க இரண்டு ஆள் வேண்டும். ஒரு பக்கம் முச்சக்கரவண்டிக்காரர், மறுபக்கம் நான் என்று பிடித்து, மடுல்சீமை பஸ்ஸின் பின்கதவு வரை கொண்டுபோய் வைத்தோம். நுவரெலியாவில் இருந்து கரட் வரும், யாழ்ப்பாணத்தில் இருந்து மாம்பழம் வரும். பதுளையில் இருந்து பனிக்கட்டி போனது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

எதற்காகச் சுமந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பதுளை கடைவீதியில் எனக்குக் குளிர்பானக் கடை இருக்கிறது. என் மனைவி சுமதி, மடுல்சீமைக்கும் அப்பால் ஒரு தோட்டப் பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறாள். வார நாட்களில் அங்கே ஆசிரியர் விடுதி, வார இறுதியில் வீடு. அந்தப் பாடசாலையில் இதுவரை பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரைதான் இருந்தது. இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரக் கலைப் பிரிவு தொடங்கலாம் என்றானது. ஆனால் பத்துப் பிள்ளைகளாவது சேராவிட்டால் வகுப்புத் திறக்க முடியாது என்று அதிபர் சொல்லியிருந்தார். சேர்ந்திருந்தது நான்கு பேர். மற்றப் பிள்ளைகளில் பாதிப்பேருக்குக் கொழும்பில் கடை வேலையோ தையல் தொழிற்சாலை வேலையோ பேசியாகிவிட்டது. பசறைக்குப் போய்ப் படிக்கலாம்தான். போக வர நான்கு மணித்தியாலம், அதுவும் பஸ் வந்தால்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் பெற்றோர் கூட்டம். அதுதான் கடைசி வாய்ப்பு.

"பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போச்சுங்க" என்றாள் சுமதி, முந்தின ஞாயிற்றுக்கிழமை. "எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போயிடுறாங்க. புவியியல்னா என்னன்னு கண்ணால காட்டணும். நீங்க வாங்க. எனக்குத் தெரிஞ்சவங்கள்ல பனியாத்தக் கையால தொட்ட ஒரே ஆளு நீங்கதான்."

அது உண்மை. சில வருடங்களுக்கு முன் திருச்சி உறவினர்களோடு கங்கோத்திரி யாத்திரை போனேன். மற்றவர்கள் கோயிலோடு திரும்ப, நான் மட்டும் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து கோமுகம் வரை நடந்து, கங்கை புறப்படுகிற, மலைச்சரிவில் மெல்ல நகர்கிற பனியாற்றின் முகப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

"வெறுங்கையோட மட்டும் வந்துடாதீங்க" என்றும் சொல்லி வைத்தாள்.

அதனால் ஐஸ்கிரீமை எல்லாம் ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கடையின் பெரிய குளிர்பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கினேன். அடியில் பதுளு ஓயா ஆற்றில் அள்ளிய மணலும் கூழாங்கல்லும். மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஒரு படை உறைந்த பிறகு அடுத்த படை. உண்மையான பனியாறும் அப்படித்தான் உண்டாகிறது. ஒரு வருடத்துப் பனி கரைவதற்குள் அடுத்த வருடத்துப் பனி அதன்மேல் விழுகிறது. மேலே இருப்பது அழுத்த அழுத்த அடியில் இருப்பது இறுகிக் கண்ணாடிபோல ஆகிவிடுகிறது. அதற்குப் பல காலம் பிடிக்கும். எனக்கு மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் மின்சாரம் போகக்கூடாது என்று நான் வேண்டாத சாமி இல்லை.

பஸ் நடத்துநர் பெட்டியைக் கண்டதும் கதவை மறித்தார்.

"மீன் ஏத்த முடியாதுண்ணே. போன தடவ ஏத்தி, மூணு நாளு பஸ்ஸே நாறிப்போச்சு."

"மீன் இல்ல தம்பி. ஐஸ்."

"வெறும் ஐஸா?"

"ஐஸும் கல்லும்."

அவர் என் முகத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். "கல்லா? ஏண்ணே, மடுல்சீமையில கல்லுக்கா பஞ்சம்?"

பஸ் முழுவதும் சிரித்தது. சிரித்ததோடு இடமும் கொடுத்தார்கள். பெட்டிக்கும் ஒரு டிக்கட் எடுக்கவேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. எடுத்தேன்.

ஆறரைக்குப் பஸ் புறப்பட்டது. பதுளையில் இருந்து பசறைக்கு ஏறத்தாழப் பதினெட்டு கிலோமீற்றர். நகரத்தை விட்டதும் வளைவுகள் தொடங்கிவிடும். வலப்பக்கம் நமுனுகுலை மலை இடுப்பு வரை முகிலைச் சுற்றிக்கொண்டு நின்றது. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைச் செடிகளின் மேல் வெயில் விழுந்து, மலை முழுக்கக் கழுவி வைத்த பாத்திரம்போல மின்னியது. வேறொரு நாளாக இருந்தால் அந்த வெயிலை ரசித்திருப்பேன். அன்றைக்கு அது எனக்கு எதிரி.

என் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் பாக்கியம். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். முந்தின நாள் பதுளை ஆஸ்பத்திரிக்கு முழங்கால் வலிக்கு மருந்தெடுக்க வந்து, சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கொஞ்ச தூரம் போனதும் கூச்சத்தோடு கேட்டார்:

"அண்ணே, இந்தப் பெட்டி மேல கால வச்சுக்கலாமுங்களா? சில்லுன்னு இருக்கு. முட்டிக்கு எதமா இருக்கும்."

"வச்சுக்குங்க தங்கச்சி" என்றேன். பசறை வரை என் பனியாறு ஒரு வைத்தியமும் பார்த்தது.

பசறையில் கால் மணித்தியாலம் நின்றது பஸ். தேநீரும் பருப்பு வடையும் வாங்கிக்கொண்டு வந்தபோது பெட்டியின் மூலையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நடத்துநர் அதைச் சுட்டிக்காட்டி, "உங்க சாமான் இறங்கிப் போகுதுண்ணே" என்றார். நான் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் உள்ளே சூடு போகும். வடையும் இறங்கவில்லை.

பசறையில் இருந்து மடுல்சீமைப் பாதை பிரிகிறது. ஒடுங்கிய பாதை. ஒரு பக்கம் தேயிலை மேடு, மறுபக்கம் கண்ணுக்கு எட்டாத பள்ளம். எதிரே ஒரு லொறி வந்தால் இரண்டில் ஒன்று பின்னால் போகவேண்டும். ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எனக்குத் தைரியம் வந்தது. எட்டரை மணியளவில் ஒரு வளைவில் பஸ் நின்றது. நின்றது நின்றதுதான்.

இறங்கிப் பார்த்தோம். மேட்டில் இருந்து செம்மண் சரிந்து பாதையை மூடிக் கிடந்தது. மண்ணோடு வந்த தேயிலைச் செடிகள் சில, நட்டு வைத்ததுபோல நடுப்பாதையில் நிமிர்ந்து நின்றன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. விடியற்காலையில் விழுந்ததாம்.

"பெக்கோ இயந்திரம் வந்துதான் மண்ண அள்ளணும்" என்றார் நடத்துநர். "பத்து மணிக்கும் வரலாம். பகல் தாண்டியும் வரலாம்."

சுமதிக்குத் தொலைபேசி எடுத்தேன். மண் சரிந்து கிடப்பதைச் சொன்னேன். "மறுபக்கத்துக்கு ஆட்டோ அனுப்புறேன். நீங்க எப்படியாவது இந்தப் பக்கம் வந்துடுங்க" என்றாள்.

பாதை வேலைக்காரர்கள் நான்கைந்து பேர் மண்வெட்டிகளோடு அதற்குள் வந்திருந்தார்கள். சரிவின் கீழ் ஓரத்தில் ஓர் ஒற்றையடி வழி வெட்டி, மேட்டைப் பார்த்தபடி ஒருவரை விசிலோடு நிறுத்திவிட்டு, ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஆள் போகலாம். இந்தப் பெட்டி?

"உள்ள இருக்கிறது என்னன்னு இப்பவாவது சொல்லுங்கண்ணே" என்றார் பாக்கியம்.

சொன்னேன். பாடசாலை, கூட்டம், பனியாறு, கங்கோத்திரி எல்லாவற்றையும் அந்தப் பாதையோரத்திலேயே சொல்லி முடித்தேன். நடத்துநர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு காற்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார்.

சரிந்து கிடந்த சவுக்கு மரத்தில் ஒரு கிளையை வெட்டி, பெட்டியைச் சாக்குக் கயிற்றால் அதில் கட்டித் தொங்கவிட்டோம். முன்னால் நடத்துநர் தோள் கொடுத்தார். பின்னால் பாதை வேலைக்காரர் ஒருவர். பெட்டி ஆடாமல் இருக்க இரு பக்கமும் பாக்கியமும் நானும். "முட்டி வலிக்குதுன்னீங்களே" என்றேன். "அது ஒரு பக்கம் வலிக்கட்டும்" என்றார்.

பாதி வழியில் என் வலது கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கியது. பெட்டி என் பக்கம் சாய்ந்தது. நுரைப்பெட்டி எங்கோ வெடிக்கிற சத்தம் கேட்டது. முடிந்தது என்று நினைத்தேன்.

"விட்டுறாதீங்கண்ணே! புள்ளைங்களுக்குக் கொண்டு போறது!" பாக்கியம் தன் பக்கத்தை விட்டுவிட்டு என் பக்கம் வந்து, பெட்டியின் அடியில் தோளையே கொடுத்துவிட்டார். மேட்டில் நின்றவர் விசிலை வாயில் வைத்தபடி, "மெதுவா, மெதுவா" என்று கையால் காட்டினார். நான் காலைப் பிடுங்கினேன். செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கும்.

மறுகரையில் பெட்டியை இறக்கியபோது இரு பக்கமும் நின்றவர்கள் கைதட்டினார்கள். என்ன கொண்டு போகிறோம் என்று பாதிப்பேருக்குத் தெரியாது. ஆனாலும் தட்டினார்கள். நடத்துநர் மூச்சு வாங்கியபடி, "இந்த மலையில மண்ணு எறங்கிப் பாத்திருக்கேன். ஐஸ் ஏறி இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். கைகொடுத்தேன். இரண்டு கையும் சேறு.

சுமதி அனுப்பிய முச்சக்கரவண்டி கொஞ்ச நேரத்தில் வந்தது. அந்தத் தோட்டத்தில்தான் வீடு என்பதால் பாக்கியமும் ஏறிக்கொண்டார். மடுல்சீமைக் கடைத்தெருவைத் தாண்டி, தார் முடிந்து, கல் பாதை தொடங்கிய இடத்தில்தான் அவர் சொன்னார்:

"எங்க புள்ளையும் அந்தப் பள்ளிக்கூடந்தாண்ணே. தர்ஷினி. சாதாரண தரம் எழுதி நல்லாத்தான் பாஸ் பண்ணியிருக்கா. கொழும்புல ஒரு துணிக்கடையில பேசியிருக்கோம். அதான் இன்னைக்குக் கூட்டத்துக்குப் போக நெனைக்கல."

நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "இவ்வளவு தூரம் சுமந்துட்டீங்க. அது என்ன செய்யுதுன்னு பாத்துட்டாவது போங்க" என்றேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பாடசாலை வாசலில் இறங்கினோம். சுமதி ஓடி வந்தாள். என் ஒற்றைச் செருப்பையும் சேற்றையும் பார்த்துவிட்டு, "இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். "பாப்போம்" என்றேன்.

மண்டபத்தில் பெற்றோர் நிறைந்திருந்தார்கள். காலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்படியே வந்த பெண்களின் இடுப்பில், ஈரம் படாமல் கட்டிக்கொள்ளும் படங்குச்சாக்கு இன்னும் இருந்தது. முன்னால் ஒரு பழைய கதவுப் பலகையைச் சாய்த்து வைத்து, அதன் மேல் பிள்ளைகள் களிமண்ணால் ஒரு மலை செய்திருந்தார்கள். நடுவே ஒரு பள்ளத்தாக்கு. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பள்ளத்தாக்கைப் பார்த்தே செய்தது. இரு பக்கமும் சரிந்து வந்து அடியில் கத்தி முனைபோலச் சேர்ந்தது.

டியூபை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது.

இருந்தது. பாதியாகிவிட்டது, ஆனால் இருந்தது. கரைந்ததில் ஒரு நன்மையும் நடந்திருந்தது. அடிப்பக்கத்துக் கற்கள் பற்கள்போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"இப்படித்தான் வேணும்!" என்றாள் சுமதி. அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டு நாளாகிவிட்டது.

இரண்டு மாணவிகள் கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பனிக்கட்டியைத் தூக்கிக் களிமண் பள்ளத்தாக்கின் உச்சியில் வைத்து, மெல்ல மெல்லக் கீழே நகர்த்தினார்கள். அதில் ஒருத்தி மெலிந்த, கண் பெரிய பெண். முகச்சாயலைப் பார்த்ததுமே அவள்தான் தர்ஷினி என்று தெரிந்தது. கத்தி முனைபோல இருந்த பள்ளத்தின் அடி அகன்றது. சுவர்கள் நிமிர்ந்தன. பனிக்கட்டி கீழே வந்து சேர்ந்தபோது, மேலே ஒரு பெரிய தொட்டியை அழுத்தி எடுத்ததுபோலப் புதிய பள்ளத்தாக்கு கிடந்தது. அதன் அடியில் நீளநீளமாகக் கற்கள் கீறிய கோடுகள்.

"தண்ணி வெட்டுனா ஒரு மாதிரி, பனி செதுக்குனா ஒரு மாதிரி" என்றாள் சுமதி பெற்றோரைப் பார்த்து. "ஒரு மலையப் பாத்தா அத யாரு செஞ்சதுன்னு சொல்லலாம். அதுக்குப் பேருதான் புவியியல்."

பிறகு பனிக்கட்டியை வெயில் விழுகிற வாசற்படிக்கு மாற்றிவிட்டு என்னைப் பேசச் சொன்னாள். நான் மேடையில் பேசிப் பழகாதவன். பார்த்ததைச் சொன்னேன். பனியாறு வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனதையும், மேலெல்லாம் கல்லும் மண்ணும் ஏறி அழுக்கு மூட்டைபோலக் கிடந்ததையும். வெடித்த இடத்தில் மட்டும் உள்ளே நீலம் தெரிந்ததையும். எங்கோ ஆழத்தில் மரம் முறிகிறதுபோலச் சத்தம் கேட்டதையும், அது நகர்கிற சத்தம் என்று வழிகாட்டி சொன்னதையும். கங்கை அங்கே சாம்பல் நிறத்தில் வருவதையும், அது பனி அரைத்த பாறையின் மாவு என்பதையும்.

"போற வழியில ஒரு எடத்துல, பனி முந்தி இங்க வரைக்கும் இருந்திச்சுன்னு வழிகாட்டி காட்டினாரு. சுத்திப் பாத்தேன். வெறும் கல்லு. அங்கேர்ந்து நெடுநேரம் நடந்த பிறகுதான் பனியக் கண்ணுல கண்டேன்."

அப்போது யாரோ, "அங்க பாருங்க!" என்றார்கள். வாசற்படியில் பனிக்கட்டி ஓரமெல்லாம் கரைந்து சுருங்கியிருந்தது. அது கிடந்த இடத்தைச் சுற்றி, கொண்டுவந்த மணலும் கல்லும் வளைந்த வரம்புபோல மிஞ்சி நின்றன.

"கரைஞ்சு போனாலும் எது வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லிட்டுத்தான் போகும்" என்றாள் சுமதி. "உலகம் சூடாகச் சூடாக அந்த வரம்புகளுக்கும் பனிக்கும் நடுவுல தூரம் கூடிக்கிட்டே போகுது."

பின் வரிசையில் சேற்றோடு நின்ற பாக்கியம்தான் முதலில் பேசினார்.

"டீச்சர், அது எங்கேயோ இருக்குற பனி. காலையில நாங்க தாண்டி வந்த மண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குங்களா?"

சுமதி மாணவிகள் பக்கம் திரும்பினாள். "தர்ஷினி, நீ சொல்லு" என்றாள்.

அந்தப் பெண் கையில் இருந்த சாக்கைக் கீழே வைத்தாள். தாயைப் பார்த்தே சொன்னாள். "இருக்கும்மா. காத்து சூடானா நெறையத் தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும். விடுறப்ப மொத்தமா விட்டுடும். அங்க பனியக் கரைக்கிறதும் அந்தச் சூடுதான். இங்க ஒரு மாசத்து மழைய ரெண்டு நாள்ல ஊத்துறதும் அந்தச் சூடுதான். எல்லாச் சரிவுக்கும் அதையே காரணம் சொல்ல முடியாது. காடு வெட்டுனது, வடிகான் அடைச்சது எல்லாம் சேரும். ஆனா மழை இப்படிக் கொட்டுனா மண்ணு ஊறிக் கனத்துப் போகும். பனி எறங்கினா மெதுவா எறங்கும். எங்க மண்ணு எறங்கினா நேரம் குடுக்காது."

"மீரியபெத்த" என்றார் ஒரு பெரியவர். கொஸ்லாந்தையில் லயக் குடியிருப்புகளும் ஆட்களும் மண்ணுக்குள் போன தோட்டம் அது. மண்டபத்தில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"ஆமா தாத்தா" என்றாள் தர்ஷினி. "எந்த மேடு நிக்கும், எந்த மேடு சரிஞ்சு வரும்னு பாத்துச் சொல்ற படிப்பு இருக்கு. அந்தப் படிப்புப் படிச்சவங்க நம்ம தோட்டத்துல ஒருத்தர்கூட இல்ல. நான் படிக்கிறேன்."

பாக்கியம் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்டபத்தின் நடுவழியாக, நொண்டியபடி, முன்னால் வந்தார்.

"எங்க புள்ளையச் சேத்துக்குங்க டீச்சர். கொழும்புக்காரங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

அதன் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஒரு தகப்பன் எழுந்தார். இரண்டு தாய்மார் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "என் மகனையுந்தான், பொம்பளப் புள்ளைங்க மட்டுமா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். அதிபர் எண்ணிக்கொண்டே வந்து பத்தைத் தாண்டியதும், எண்ணுவதை விட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்பு சேர்ந்த நால்வரோடு பதினான்கு பேர். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அடுத்த மலையில் கொழுந்து பறித்தவர்கள் நிமிர்ந்து பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். வாசலில் பாக்கியத்தைச் சுற்றி ஒரு கூட்டம். "அந்தப் பெட்டிய மண்ணுல விழாமப் பிடிச்சது யாரு? நான்தான்!" என்று நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். அது உண்மை.

சனிக்கிழமை காலை சுமதியும் நானும் ஊருக்குப் புறப்பட்டோம். சரிவில் மண்ணை அள்ளிப் பாதை திறந்திருந்தது. மேட்டில் மட்டும் பச்சைக்கு நடுவே சிவப்பாக ஒரு காயம்.

கோமுகத்தில் இருந்து திரும்பிய அன்று எனக்கு மனம் கனத்துக் கிடந்தது நினைவிருக்கிறது. அவ்வளவு பெரியது ஒன்று பின்வாங்கிப் போவதைப் பார்த்துவிட்டு, கையால் ஒன்றும் செய்ய முடியாமல் இறங்கி வந்தேன். மடுல்சீமையில் இருந்து இறங்கிய அன்று அப்படி இல்லை. கோமுகத்தில் பனி கரைந்துகொண்டுதான் இருக்கிறது. இங்கே மழையும் கொட்டத்தான் போகிறது. ஆனால் அந்த மலையைப் படிக்கப்போகிறவர்கள் அந்த மலையிலேயே இருக்கிறார்கள். பதுளையில் என் கடை வாசலில் நின்றால் நடந்து போகிற தூரத்தில் எத்தனையோ பாடசாலைகள். மணிச்சத்தம் கேட்டால் நேரம் பார்ப்பேனே தவிர, அது ஒரு வெற்றியின் சத்தம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சுமதி கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"வகுப்பு ஆரம்பிச்சுட்டோங்க. பதினேழு பேரு வந்துட்டாங்க. உட்கார இடமில்ல."

"பிறகு?"

"மாரியம்மன் கோயில்ல இருந்து ரெண்டு பெஞ்சு தூக்கிட்டு வந்துட்டாங்க. தகப்பன்மாரே தூக்கிட்டு வந்தாங்க" என்றாள். "வைங்க, பாடம் நடத்தணும்."